போலி அறிவியலும் ஏதுப்போலியும்
(குமரிக்கண்ட வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு)

1. முன்னுரை

சில ஆண்டுகட்கு முன்னர் முதுகலை மாணவர் ஒருவர் சிலப்பதிகாரம் பற்றிய தம் பருவக் கட்டுரையை எம்மிடம் கொணர்ந்தார். கடல்கோள் பற்றிய பகுதியில், குமரிக்கண்டம் இருந்தமையை இன்றைய அறிவியல் ஐயத்திற்கு இடமின்றி நிறுவிவிட்டது என எழுதியிருந்தார். மொரீசியசுத் தீவின் அடியில் பழங்கண்டம் ஒன்றன் எச்சம் கண்டறியப்பட்டது என்னும் நாளிதழ்ச் செய்தியை அதற்குச் சான்றாகக் காட்டியிருந்தார். 'அக்கண்டத்தின் காலம் யாது?' என வினவினோம். அவர் செய்தியை மீண்டும் படித்துப் பார்த்தார். அதிற் குறித்திருந்த ஆண்டுகள் கோடிக்கணக்கின. சிறிது நேரம் வாளாவிருந்தபின், 'ஆயினும் கண்டம் ஒன்று இருந்தது உண்மைதானே, ஐயா?' என்றார்.

அம்மாணவர் அறிவிற் குறைந்தவர் அல்லர். பாட்டும் உரையும் நன்கு பயின்றவர். அவர்தம் மறுமொழி அவரே ஆக்கிக்கொண்டதும் அன்று. அவர் படித்த நூல்கள் அவருக்குக் கற்பித்த வாதமுறை அது. அம்முறையின் இயல்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இந்துமாக்கடலில் மாந்தர் வாழ்ந்த பெருங்கண்டம் ஒன்று இருந்து மூழ்கிற்றா என்பது நிலநூலார் ஆராய்ந்து முடிவு கண்ட பொருள். முடிந்த வழக்கை முடியாத வழக்காகக் காட்டும் சொல்லாடல்கள் எவை, அவை எவ்வாறு நம்மை இணங்கச் செய்கின்றன என்பதே ஈண்டு வினா.

போலி அறிவியல் என்பது பிழைபட்ட அறிவியல் அன்று என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். பிழைபடுதல் அறிவியலுக்கு இயல்பு. ஒரு கோட்பாடு எந்தச் சான்று கிட்டின் கைவிடப்படும் என்பதைக் கூறவல்லதாயின் அது அறிவியல் என்பதே 1934-இல் கார்ல் பாப்பர் வகுத்த அளவுகோலின் சாரம். அறிவியலின் உடையை அணிந்துகொண்டு, எச்சான்று வரினும் கைவிடப்படாதவாறு காக்கப்படுவது போலி. எனவே போலித்தன்மை கூற்றில் மட்டும் இல்லை; அதனைக் காக்கும் முறையிலேயே பெரிதும் உள்ளது.

2. இரண்டு வரலாறுகள்

குமரிக்கண்டம் என இன்று வழங்கும் கருத்து, வேறுபட்ட இரண்டு வரலாறுகள் பிணைந்து உருவானது.

முதலாவது ஐரோப்பிய வரலாறு. 1864-இல் பிலிப்பு ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார், இலெமூர் இனத்தன எனத் தாம் கொண்ட விலங்குகள் மடகாசுகரிலும் இந்தியாவிலும் காணப்படுவதற்குக் காரணம் கூறப் புகுந்து, இடையே ஒரு நிலப்பரப்பு இருந்திருத்தல் வேண்டும் எனக் கருதி அதற்கு 'இலெமூரியா' எனப் பெயரிட்டார். அக்காலத்து அறிவுநிலைக்கு அது முறையான கருதுகோளே. செருமானிய அறிஞர் எர்ணஸ்ட் ஹெக்கல் 1870-களில் வழங்கிய தம் நூற்பதிப்புகளில் அந்நிலத்தை மாந்தரின் பிறப்பிடமாக இருக்கலாம் என்றார். 1888-இல் பிளாவட்ஸ்கி அம்மையார் தம் 'இரகசியக் கோட்பாடு' என்னும் நூலில் அதனைத் தம் மறைஞானக் கொள்கையின் மூன்றாம் மூல இனத்துக்கு உறைவிடமாக்கினார். அவர் நிறுவிய பிரம்மஞான சபையின் தலைமையிடம் 1882 முதல் சென்னை அடையாற்றில் இருந்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இரண்டாவது தமிழ் மரபு. புறநானூற்று ஒன்பதாம் பாட்டில் பஃறுளியாறு பேசப்படுகிறது. முல்லைக்கலியின் 104-ஆம் பாட்டு, கடல் நிலத்தைக் கொள்ளப் பாண்டியன் அயல்வேந்தர் நிலத்தைக் கொண்டு அக்குறையை நிரப்பியதைக் கூறுகிறது. சிலப்பதிகாரக் காடுகாண் காதை, பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதை உரைக்கிறது. இறையனார் களவியல் உரை முச்சங்க வரலாற்றையும், அடியார்க்கு நல்லார் உரை நாற்பத்தொன்பது நாடுகளையும் எழுநூற்றுக் காவதத்தையும் தருகின்றன. இவற்றுள் ஒன்றேனும் இலெமூரை அறியாது. அங்ஙனமே இலெமூரியாவைப் படைத்தவரும் பஃறுளியை அறியார்.

இவ்விரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் ஒட்டிய காலத்தில் ஒன்றுபட்டன. அடிமைப்பட்டிருந்த ஒரு மக்கள், ஆள்வோரின் அறிவியலே தம் பழமைக்குச் சான்று கூறுகிறது எனக் கண்டு மகிழ்ந்தமை வியப்பன்று. குறை அதன்பின் நேர்ந்தது. 1912-இல் வேகனர் கண்டங்கள் பெயர்கின்றன என்றார். 1963-இல் வைன், மாத்யூசு என்னும் இருவர் கடலடித் தரையின் காந்தப் பட்டைகளைக் கொண்டு அத்தரை விரிந்து செல்வதை விளக்கினர். அவர்கட்கு அளவைகள் கிட்டிய இடம் இந்துமாக்கடலின் வடமேற்கிலுள்ள கார்ல்சுபெர்க் கடலடி மலைத்தொடர். இலெமூரியா கிடந்ததாகக் கருதிய கடலே அக்கோட்பாட்டை வீழ்த்தும் சான்றினைத் தந்தது. அறிவியல் இலெமூரியாவைக் கைவிட்டது, நாம் கைவிடவில்லை.

3. அளவை நூல் தரும் கருவி

வாதத்தின் குற்றங்களை ஆராய அயல்நாட்டு நூல்களையே நாட வேண்டுவதில்லை. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் பக்கப்போலி ஒன்பதும், ஏதுப்போலி பதினான்கும், எடுத்துக்காட்டுப்போலி பத்தும் வகுத்துரைக்கிறார். பக்கம் என்பது நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று. ஏது அதற்குரிய காரணம். காரணம் போலத் தோன்றிக் காரணமாகாதது ஏதுப்போலி. அஃது அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூவகைப்படும்.

27-ஆம் காதையில் அளவைகள் பத்தினைக் கூறும் இடத்தில், ஐதிகம் என்னும் உலகுரைக்கு அந்நூல் தரும் எடுத்துக்காட்டு நம் கருத்துக்கு உரியது. 'இம்மரத்தில் ஒரு பேய் உண்டு' என ஊரார் கூறுவதைத் தெளிவாகக் கொள்ளுதலே ஐதிகமாம். அறவண அடிகளோ காட்சியும் கருத்தும் ஆகிய இரண்டு அளவைகளையே கொள்கிறார். இனி, குமரிக்கண்ட வாதத்தில் பயிலும் சொல்லாடல்களை இக்கருவி கொண்டு ஆராய்வோம். தனி ஆசிரியர் எவரையும் சுட்டுதல் எம் நோக்கம் அன்று. இவ்வாதங்கள் பலர்வாய்ப்பட்டுப் பொதுவாகிவிட்டவை.

4. ஐந்து சொல்லாடல்கள்

(அ) ஒரு சொல்லில் இரு பொருள் ஏற்றல். 'கண்டம்' என்னும் சொல்லே இதற்கு முதற்சான்று. கச்சியப்பரின் கந்தபுராணம் அண்டகோசப் படலத்தில் குமரிக்கண்டத்தைக் கூறுகிறது. அஃது ஆண்டுப் பாரதநாட்டின் ஒன்பது கூறுகளுள் ஒன்று. கண்டம் என்றது கூறு என்னும் பொருட்டு. அதில் மூழ்கிய நிலம் என்னும் குறிப்பு இல்லை. ஆயினும் கண்டம் என்பதற்கு இக்காலத்து வழங்கும் பெருநிலப்பரப்பு என்னும் பொருளை ஏற்றி, அப்புராணமும் சான்றாக்கப்படுகிறது.

மொரீசியசுச் செய்தியிலும் நிகழ்ந்தது இதுவே. 2013-இல் அத்தீவின் கடற்கரை மணலில் 66 கோடி முதல் ஏறத்தாழ 197 கோடி ஆண்டுப் பழமையுடைய சிர்க்கான் என்னும் கனிமத் துகள்கள் கண்டறியப்பட்டன. 2017-இல் அத்தீவின் எரிமலைப் பாறை ஒன்றினுள்ளே ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையுடைய துகள்கள் காணப்பட்டன. தீவின் எரிமலைப் பாறைகளோ 90 இலட்சம் ஆண்டுக்கு மேற்படாதவை. ஆதலின் தீவின் அடியில் பழங்கண்டம் ஒன்றன் சிதறிய துண்டு உள்ளது என்பது ஆய்வாளர் முடிவு. இந்தியாவும் மடகாசுகரும் பிரிந்தது ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகட்கு முன்னர். மாந்த இனம் தோன்றியது ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகட்கு முன்னர். இரண்டிற்கும் இடைப்பட்ட காலம் மாந்த வரலாற்றைப் போல் ஏறத்தாழ முந்நூறு மடங்கு. எனவே இக்கண்டுபிடிப்புக் காட்டுவது, அந்நிலம் மாந்தர் தோன்றுமுன்னரே சிதறிப்போயிற்று என்பதனை. எடுத்துக்கொண்ட பக்கத்திற்கு மாறானதை நிறுவும் ஏதுவை அறவண அடிகள் விருத்தம் என்பர். எம் மாணவர் காட்டிய சான்று அவர் கூற்றை மறுக்கும் சான்றே.

(ஆ) நிறுவப்படாத நிலைக்களத்தின்மேல் கட்டுதல். 'குமரிக்கண்டத்தில் தமிழ் பிறந்தது. அங்கு வாழ்ந்தோர் முதல் மாந்தர் ஆதலின்' என்னும் வாதத்தை நோக்குக. ஏது எதன்மேல் நிற்கிறதோ அப்பொருளே எதிர்வாதிக்கு உடன்பாடு அன்று. ஆகாயம் என ஒன்று உண்டு என ஒப்பாதானிடத்து, 'ஆகாயம் பொருளாகும். ஒலியைக் குணமாக உடைமையின்' எனல் பயனில் கூற்று. இதனை ஆசிரயாசித்தம் என மணிமேகலை குறிக்கும். இவ்வாதத்தின் வலிமை அதன் விரிவில் உள்ளது. நாடுகளின் பெயர், மலைகளின் பெயர், அரசர் தொகை, புலவர் தொகை எனச் செய்திகள் அடுக்கப்படும்போது, அடித்தளத்தைப் பற்றிய வினா மறைந்துபோகிறது. நிலப்படம் ஒன்றும் வரைந்து சேர்க்கப்படின், கண்ட பொருள் போலவே அது தோன்றுகிறது.

களவியல் உரையின் எண்களும் இங்ஙனமே ஆளப்படுகின்றன. முச்சங்கங்களும் நிலவிய ஆண்டுகள் முறையே 4440, 3700, 1850. இவை மூன்றும் 37-இன் மடங்குகள். முறையே 120, 100, 50 மடங்கு. தலைச்சங்க அரசர் எண்பத்தொன்பதின்மர் எனின், ஒருவர்க்குச் சராசரி ஏறத்தாழ 50 ஆண்டு ஆட்சி அமைகிறது. நிகழ்ச்சிகளைக் குறித்துவைத்த கணக்கு இவ்வாறு ஒழுங்குபட்டு அமைதல் அரிது. மரபு தன் பழமையைச் சொல்லக் கையாண்ட எண்ணமைதி என இதனைக் கொள்வதே பொருந்தும்.

(இ) வேண்டியது கொண்டு வேண்டாதது விடுதல். இக்குற்றம் தமிழ் ஆய்வாளராகிய நம்மை நேரே சாரும். எழுநூற்றுக் காவதம் என்னும் அடியார்க்கு நல்லார் தொடரை எடுத்தாளாத குமரிக்கண்ட நூல் இல்லை எனலாம். காவதத்தைப் பத்துக் கல்லாகக் கொள்ளும் வழக்கின்படி அது 7000 கல், அதாவது ஏறத்தாழ 11,260 கிலோமீட்டர். குமரிமுனையிலிருந்து தென்துருவம் 10,900 கிலோமீட்டர்த் தொலைவினுள் அடங்கும். அளவை நேர்ப்பொருளிற் கொள்ளின் பாண்டிநாடு துருவத்தையும் கடந்து செல்லும்.

அதே உரையாசிரியர், இழந்த நிலத்திற்கு ஈடாகப் பாண்டியன் சோழநாட்டெல்லையில் முத்தூர்க் கூற்றத்தையும் சேரநாட்டுக் குண்டூர்க் கூற்றத்தையும் கொண்டு ஆண்டான் எனவும் கூறுகிறார். கூற்றம் என்பது நாட்டின் சிறு உட்பிரிவு. இரண்டு கூற்றங்களால் நிரப்பத்தக்க இழப்பு ஒரு கண்டத்தின் இழப்பு ஆகுமா? காவதத்தைக் கூறும் வாக்கியம் நூல்தோறும் வருகிறது. கூற்றத்தைக் கூறும் வாக்கியம் அரிதாகவே வருகிறது. இரண்டும் ஓர் ஆசிரியர் உரையே. ஒன்றனைச் சான்றென்று கொண்டு மற்றதனை மறைப்பது உரைக்குச் செய்யும் மதிப்பு ஆகாது.

மேனாட்டு அறிஞர் பெயர்களை ஆளும் முறையும் இவ்வகையினதே. ஸ்கிளேட்டரும் ஹெக்கலும் கூறினர் எனக் காட்டுவோர், அவர்கள் கூறிய ஆண்டைக் குறிப்பதில்லை. ஆண்டு நீங்கிய மேற்கோள் என்றும் புதியதாகவே தோன்றும்.

(ஈ) அகலக் கூறி, வினவியவழி ஒடுங்குதல். மேடையில் கூறப்படுவது ஆப்பிரிக்கா முதல் ஆசுத்திரேலியா வரை பரந்த கண்டம். 'கடலடித் தரை அதற்கு இடந்தரவில்லையே' என வினவின், 'கடல் கரையை அரித்ததில்லையா? பூம்புகாரைக் கடல் கொள்ளவில்லையா?' என மறுமொழி வரும். கரையழிவை யாரும் மறுப்பதில்லை. வினவியவர் அமைதியுற்றதும் கண்டம் மீண்டும் விரியும். சிறியதற்கு உரிய சான்று பெரியதற்குக் காட்டப்படுகிறது. பல மக்களிடத்தும் வெள்ளக் கதை உண்டு என்னும் ஏதுவும் இத்தன்மையது. கண்டம் மூழ்கிய இடத்தும் கதை பிறக்கலாம். ஆற்றுவெள்ளம் பெருகிய இடத்தும் பிறக்கலாம். இருபாலும் ஒப்பச் செல்லும் ஏதுவைச் சாதாரண அநைகாந்திகம் என்பர்.

'கடலின் அடியை யார் முழுதும் கண்டார்? இல்லை என்பதை நீர் நிறுவுக' என்பது இதனை ஒட்டிய மற்றொரு சொல்லாடல். கூறியவன் தாங்கவேண்டிய சுமையை மறுப்பவன் தலையில் ஏற்றுவது இது. இவ்வினாவிற்கு விடை இல்லாமலும் இல்லை. 1959 முதல் 1965 வரை பல நாட்டினர் கூடி நடத்திய இந்துமாக்கடல் ஆய்வும், அதன்பின் நடந்தனவும் அத்தரையை அளந்துள்ளன. கண்டத்தின் மேலோடு சராசரி 35 கிலோமீட்டர் அளவு தடிப்பும், கடல்தரையின் மேலோடு 7 கிலோமீட்டர் அளவு தடிப்பும் உடையவை. கண்டப்பாறை எடை குறைந்தது. பெருங்கண்டம் ஒன்று சில ஆயிரம் ஆண்டுகளில் கப்பல்போல் மூழ்கித் தடயமின்றி மறைவது நிகழக்கூடியது அன்று.

(உ) ஐயுற்றவரின் அன்பை ஐயுறுதல். முற்கூறியன யாவும் தோற்றவிடத்து எழுவது இது. 'இதனை மறுப்பவர் தமிழ்ப்பகைவர்' எனக் கூறியவுடன் வாதம் முடிந்துவிடுகிறது. மறுப்பவர் தம் சான்றை விட்டுத் தம் பற்றினை நிறுவத் தொடங்குகிறார். முச்சங்க வரலாற்றை ஐயுற்ற கே. என். சிவராச பிள்ளையும் எஸ். வையாபுரிப் பிள்ளையும் தமிழுக்கே உழைத்தவர்கள். அவர்தம் காலக்கணிப்புகள் பல இன்று ஏற்கத்தக்கன அல்ல. ஆயின் அவற்றை மறுக்கும் வழி கல்வெட்டும் அகழாய்வுமே ஆகும். அவர்தம் நெஞ்சத்தைப் பற்றிய தீர்ப்பு ஆகாது.

இதனோடு இயைந்து வருவது, 'அறிவியல் என்பது மேனாட்டார் சூழ்ச்சி' என்னும் கூற்று. அவ்வறிவியலே ஸ்கிளேட்டர் வாயிலாகப் பேசியபோது ஏற்கப்பட்டது. வேகனர் வாயிலாகப் பேசும்போது சூழ்ச்சியாகிறது. தன் கூற்றால் தன் கூற்றே அழிவதைச் சுவசன விருத்தம் என்னும் பக்கப்போலியாக வகுத்து, 'என் தாய் மலடி' என்பதனை அதற்கு எடுத்துக்காட்டாகத் தரும் மணிமேகலை. அறிவியல் இலெமூரியாவை நிறுவியது, அறிவியல் நம்பத்தகாதது என்னும் இரண்டும் ஒருவர் வாயில் வருவது அத்தகையதே.

இக்குற்றங்கள் தமிழர்க்கு மட்டும் உரியவை அல்ல. பிளாவட்ஸ்கி அம்மையாரின் வழிவந்தோர் மேனாடுகளில் இதே இலெமூரியாவை இதே முறைகளால் காத்துவந்தனர். அமெரிக்காவின் சாசுதா மலையில் இலெமூரியர் வாழ்கின்றனர் எனக் கூறும் நூல் 1931-இல் வெளிவந்தது. நம்மை அவரினின்று வேறுபடுத்துவது ஒன்று உண்டு. அவர்களிடம் பாதுகாக்கத்தக்க பழஞ்சான்று இல்லை, நம்மிடம் உண்டு.

5. இழப்பு யாருடையது?

குமரிக்கண்ட வாதத்தால் பெரிதும் ஊறுபட்டது நிலநூல் அன்று. நம் இலக்கியச் சான்றே. ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன்னர்க் கடல்மட்டம் இன்றினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக்கு நீரிணை அன்று தரையாய் இருந்து தமிழகத்தையும் ஈழத்தையும் இணைத்தது. கடல் உயர்ந்து இன்றைய நிலையை அணுகியது ஏறத்தாழ 7000 ஆண்டுகட்கு முன்னர். அதன்பின்னும் கரையோரங்கள் அழிந்துள்ளன. 1964 திசம்பர்ப் புயலில் தனுசுக்கோடி அழிந்ததையும், 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை ஊர்களைக் கொண்டதையும் நம் காலமே கண்டது. ஆதலின் பஃறுளியையும் குமரிக்கோட்டையும் பற்றிய பழம்பாட்டு, உண்மையான கரையிழப்பின் நினைவாக இருத்தல் கூடும். எந்தக் கரை, எந்தக் காலம், பாட்டு முதல் உரை வரை அந்நினைவு எவ்வாறு வளர்ந்தது என்பன நம் ஆய்வை நோக்கிக் காத்திருக்கும் வினாக்கள்.

கண்டம் என்னும் பெருங்கூற்று இச்சிறு வினாக்களை விழுங்கிவிட்டது. கண்டத்தை நம்புவோர்க்கு இவை மிகச் சிறியன. கண்டத்தை எள்ளுவோரோ அக்கூற்றோடு சேர்த்துப் பாட்டையும் புளுகு எனத் தள்ளுகின்றனர். மிகைபடக் கூறியவரும் முழுதும் மறுத்தவரும் ஒருங்கே பாட்டைப் படியாது விட்டனர். தமிழின் தொன்மைக்கும் இம்மிகை வேண்டப்படுவது அன்று. கீழடியில் கிட்டிய சான்றுகளின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டுவரை செல்வதாகத் தமிழகத் தொல்லியல் துறை 2019-இல் அறிவித்தது. அம்முடிவு மண்ணடுக்கும் கரிமக் கணிப்பும் கொண்டு கூறப்பட்டது. ஐயுறுவோர் அவற்றையே எடுத்து ஆராயலாம். அங்ஙனம் ஆராய இடந்தருவதே அதன் வலிமை. குமரிக்கண்டத்தை அதனோடு ஒருவரிசையில் வைப்பின், மெய்ச்சான்றும் பொய்ச்சான்றின் மதிப்பையே பெறும்.

6. முடிவுரை

ஆய்வு மாணவர் கைக்கொள்ளத்தக்கன சில உள. மேற்கோளுக்கு ஆண்டு குறித்தல். சொல் எந்தப் பொருளில் ஆளப்பட்டது என நோக்குதல். உரைப்பகுதியை முன்னும் பின்னும் படித்தல். பாட்டின் காலத்தையும் உரையின் காலத்தையும் வேறு பிரித்தல். 'எச்சான்று கிட்டின் இக்கருத்தைக் கைவிடுவேன்?' எனத் தம்மையே வினவிக்கொள்ளுதல். இறுதியதற்கு விடை கூற இயலாதாயின், தாம் எழுதுவது ஆய்வு அன்று என உணர்தல் வேண்டும்.

எம் மாணவர் தம் கட்டுரையைத் திருத்தி எழுதினார். மொரீசியசு நீங்கியது, அவ்விடத்தில் முத்தூர்க் கூற்றமும் குண்டூர்க் கூற்றமும் புகுந்தன. பக்கங்கள் குறைந்தன. 'கண்டம் போய்விட்டதே, ஐயா' என்றார் சற்று வருத்தத்தோடு. 'இரண்டு கூற்றங்கள் கிடைத்தனவே' என்றோம். அவை எவ்விடத்தன என இப்பொழுது அவர் கல்வெட்டுகளில் தேடிக்கொண்டிருக்கிறார்.